சித்தி காட்டிய ஆந்தை

நைனா. அம்மா. சித்தி. நான். எங்கள் பக்கம் நாலு பேர். மில்காரர். அவருடைய அம்மா. மாசமாயிருந்த அவருடைய அக்கா. அவர்கள் பக்கம் மூன்று பேர். நாங்கள் வந்த வண்டி குட்டியானை. லோடு அடிக்கிற சின்ன வண்டிக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டேன். எனக்கு அப்போது எட்டு வயது.

சீயமங்கலத்திலிருந்து செஞ்சிக்கு வந்தோம். தை மாதம். விடிந்தும் பனி போகவில்லை. நைனா வண்டி ஓட்டினார். அம்மா அவர் பக்கத்தில். பின்பக்கம் தார்ப்பாய் விரித்து அதன்மேல் கோரைப்பாய் போட்டிருந்தது. சித்தியும் நானும் அதில் உட்கார்ந்திருந்தோம். ரோடு எங்களை விட்டுப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் போய் நின்றுகொண்டன. ஒரு மரம் மறைந்ததும் அது இருந்ததா என்றே சந்தேகம் வந்தது. சித்தி புதுப் புடவை கட்டியிருந்தாள். மூக்கையும் வாயையும் சால்வையால் சுற்றியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது.

மிருகங்கள் பார்க்கப் போகிறோம் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வண்டலூருக்குக் கூட்டிப்போன வருஷம் எனக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைமேல் படுத்திருந்தேன். போய்வந்த பிள்ளைகள் ஒரு மாதம் புலியைப் பற்றியே பேசினார்கள். அதற்கப்புறம் நான் எதற்கு அழுதாலும் கடைசியில் புலியில் வந்து நிற்கும்.

"வண்டலூர்ல எல்லாம் கம்பிக்குள்ள இருக்குது. செஞ்சிக் கோட்டையில சும்மா திரியுது. எது ஒசத்தி, நீயே சொல்லு" என்றார் நைனா.

நான் யோசித்து, சும்மா திரிவதுதான் என்றேன்.

மிருகம் பார்க்க அன்று யாரும் போகவில்லை. சித்தியைப் பார்க்கத்தான் அவர்கள் வந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீட்டுக்கே வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் முதலில் கோயில், திருவிழா, துணிக்கடை என்று பொது இடத்தில் சந்திப்பார்கள். தற்செயலாகப் பார்த்ததுபோல் பேசிக்கொள்வார்கள். பிடித்தால் வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இரண்டு பேரும் இல்லை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு இழுப்பு. பனி நாளில் அதிகம். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோலச் சத்தம் வரும். யாரோ வாய் சும்மா இல்லாதவர்கள் வெளியே சொல்லி, இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அம்மா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை.

மில்காரர் வீடு மண்டகப்பட்டுப் பக்கம். அவருடைய அம்மாவின் காதுக்கும் விஷயம் போயிருக்கிறது. அவர் நேராகக் கேட்கவில்லை. போனில் இப்படித்தான் சொன்னார்:

"கோட்டைக்கு வந்துடுங்க. ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்குது. ராஜா கோட்டை மேல ஏறி எறங்கினா ஒரு நாள் போன மாதிரி இருக்கும். பொண்ணும் வரட்டும், காத்தாட ஏறட்டும்."

அம்மா போனை வைத்துவிட்டு நைனாவைப் பார்த்தாளாம். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் முதலில் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதுதான் இது என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. வரவில்லை என்றால், இழுப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது ஆகிவிடும். போனோம். மறைத்தது தப்புதான். அன்று எங்கள் வீட்டில் யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை.

சித்தியிடம் மருந்து அடிக்கிற நீலக் குழாய் ஒன்று இருந்தது. வாயில் வைத்து அமுக்கி உள்ளே இழுப்பாள். கோட்டை வாசலில் வண்டி நின்றதும் அம்மா அதை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அவங்க கண்ல பட்டா கத முடிஞ்சிது. என்கிட்ட இருக்கட்டும். ஒருமாதிரி இருந்தா கண்ணைக் காட்டு, ஓரமா கூட்டினு போயி குடுக்கறேன்" என்றாள்.

அப்படிச் சொன்ன அம்மாதான் மலை ஏறவில்லை. மில்காரரின் அக்காவால் ஏற முடியாது. பிள்ளைத்தாய்ச்சியைத் தனியாக விடக்கூடாது என்று மில்காரரின் அம்மாள், என் அம்மாவைப் பார்த்து, "நீயும் முட்டிவலிக்காரிதானே, அவளோட இரும்மா" என்று சொல்லிவிட்டார். புளிச்சோற்றுக் கூடை, தண்ணிக் குடம், முந்தானை முடிச்சு எல்லாம் கீழேயே நின்றுவிட்டன.

ஐந்து பேர் ஏறினோம்.

அந்த அம்மாள் முன்னால் போனார். ஐம்பதைத் தாண்டியவர். நாற்று நட்ட உடம்பு. செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, படிமேல் படி வைத்துப் போனார். மூச்சே வாங்கவில்லை. அடுத்து நைனா. அடுத்து நானும் சித்தியும், கை கோத்துக்கொண்டு. கடைசியில் மில்காரர். உயரம். ஒல்லி. அரிசி மில்லில் வேலை. குளித்து, தலை சீவி, சட்டை மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். ஆனாலும் புருவத்தில் தவிடு இருந்தது.

மலைக்குத் தலை இல்லை. பாதிக்குமேல் பனி மூடியிருந்தது. எதிர் மலையிலிருந்த ராணி கோட்டைக்கும் இல்லை. படிகள் மேலே போய் வெள்ளையில் முடிந்தன. மேலிருந்து இறங்கி வந்த இரண்டு பேர், முதலில் கால், பிறகு உடம்பு, பிறகு முகம் என்று வந்தார்கள். நான் சித்தியின் கையை அழுத்தினேன். அவளும் அழுத்தினாள்.

கொஞ்சம் ஏறியதும் சித்தி நின்றாள்.

"அதோ" என்றாள்.

மதில்மேல் ஒரு மயில். வால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. பனியில் அதன் நிறம் போய், சாம்பலில் செய்ததுபோல் இருந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். எல்லோரும் நின்றார்கள். மயில் குதித்து மறைந்த பிறகுதான் நடந்தோம்.

இன்னும் கொஞ்ச தூரம். "குரங்கு" என்றாள். இருந்தது. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்தது. இன்னும் கொஞ்ச தூரம். "கீரி." நான் திரும்புவதற்குள் புதர் மட்டும் ஆடியது. "உடும்பு." பாறை இடுக்கில் வால் மாதிரி ஏதோ தெரிந்தது. "கௌதாரி." சத்தம் கேட்டதுபோல் இருந்தது.

சித்திக்கு இப்படி ஒரு கண் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. வீட்டில் ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவாள். அவள் ஒரு வார்த்தைக்குமேல் பேசவும் இல்லை. பேசினால் மிருகம் ஓடிவிடும் என்று நினைக்கிறாள் என்று நானும் குசுகுசுவென்றே பேசினேன்.

அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் பத்துப் படி மேலே நின்று திரும்பிப் பார்ப்பார்.

"இன்னா பொண்ணே, நின்னு நின்னு வர? சாயங்காலம் ஆயிடும்."

"கொழந்தைக்குக் காட்டுது" என்றார் நைனா. சொல்லிவிட்டு, அவிழாத வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். அன்று நைனா வேட்டியை அவ்வளவு தடவை ஏன் கட்டினார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாதி மலையில் அம்மன் கோயில். விழுந்து கும்பிட்டுக் குங்குமம் வைத்துக்கொண்டோம். அங்கே உட்காரலாம் என்று நான் சொன்னேன். "வயசுப் பொண்ணுங்க உக்காரலாமா, கெழவி நானே உக்காரல" என்றார் அந்த அம்மாள். சித்தி உட்காரப் போனவள், புடவையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

அதற்குமேல் படி செங்குத்து. சித்தி நின்று காட்டுவதற்கு முன்பே பின்னாலிருந்து மில்காரர் பேசினார். அன்று காலையிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. அதனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"இந்த செவுரு இருக்குது பாருங்க. இதுல முட்டையும் வெல்லமும் போட்டுக் கட்டினாங்க. அதான் நிக்குது."

எல்லோரும் நின்று சுவரைப் பார்த்தோம். சித்தி சுவரில் கையை ஊன்றிப் பார்த்தாள்.

அடுத்த திருப்பத்தில், "இந்தக் குழியிலதான் சண்டையில மொளகாய்ப் பொடி கரைச்சி மேலருந்து ஊத்துவாங்க" என்றார். நின்று குழியைப் பார்த்தோம். அதற்கடுத்து ஒரு பாறை. "ராஜா இங்க உக்காந்துதான் காலையில தலை சீவிக்குவாரு."

அந்த அம்மாள் இரண்டு படி கீழே இறங்கி வந்துவிட்டார்.

"டேய், உனக்கு இதெல்லாம் எவன்டா சொன்னான்?"

"கீழ போர்டுல போட்டிருக்குது."

"நீ எப்படா போர்டு படிச்ச? ரேஷன் கடை போர்டே நான்தான் உனக்குச் சொல்லணும்."

"நீ டிக்கெட் வாங்கறப்ப படிச்சேன்."

"தலை சீவினதை போர்டுல போடுவாங்களா?"

"ராஜா தலை இல்ல? போடுவாங்க."

நைனா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேட்டியைக் கட்டினார்.

அதற்கப்புறம் மலை முழுக்க இப்படியே ஆயிற்று. சித்தி ஒரு பறவையைக் காட்டுவாள். கொஞ்ச தூரத்தில் மில்காரர் ஒரு கல்லைக் காட்டுவார். அப்புறம் பறவை. அப்புறம் கல். இருவரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தையும் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லாம் என்னிடம்தான் சொன்னார்கள். பனி எங்களைச் சுற்றி மெல்ல நகர்ந்தது. கீழே ஊர் இல்லை. மேலே உச்சி இல்லை. நாங்கள் நின்ற படியும் அடுத்த படியும் மட்டும் இருந்தன. குதிரைகள் இந்தப் படியில் ஏறியதாக மில்காரர் சொன்னபோது, எனக்குக் குளம்புச் சத்தம் கேட்டது. பாறைக்குப் பின்னால் ஒரு யானை நிற்பதாகச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

ஆனால் எனக்குக் கால் வலித்தது. பசி எடுத்தது. காட்டியதில் பாதி என் கண்ணில் படவேயில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். சும்மா திரியும் மிருகம் எல்லோருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும் புதர்தான் தெரிகிறது. வண்டலூரில் கம்பிக்குள் இருந்தாலும் நின்றிருக்கும்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. நடுவில் ஆழமான பள்ளம். அதன்மேல் சின்னப் பாலம். அந்த அம்மாள் பாலத்தில் கால் வைத்துவிட்டார். சித்தி இந்தப் பக்கம் நின்றுவிட்டாள். பாறையைப் பிடித்துக்கொண்டாள். பூனைக்குட்டிச் சத்தம் லேசாகக் கேட்டது. எனக்குக் கேட்டது.

"ஆந்தை" என்றாள். பள்ளத்தின் எதிர்ச் சுவரில் ஒரு பொந்தைக் காட்டினாள்.

பார்த்தேன். பொந்து இருந்தது. இருட்டு இருந்தது.

"பொய்" என்றேன். "அங்க ஒண்ணுமே இல்ல. கீரியும் இல்ல. உடும்பும் இல்ல. சித்தி சும்மா சும்மா நின்னுக்கினு சும்மா சும்மா சொல்லுது!"

பாறைக்குள் என் சத்தம் இரண்டு தடவை திரும்பி வந்தது.

அந்த அம்மாள் பாலத்திலிருந்து திரும்பி வந்தார். சித்தியின் முகத்துக்கு நேராக நின்றார். பனியிலும் சித்தியின் மேலுதட்டில் வேர்வை. தோள் இரண்டும் தூக்கித் தூக்கி இறங்கின. நைனா வேட்டியைத் தொடவில்லை. அவர் கை அப்படியே தொங்கியது.

"மூச்சு வாங்குதா?" என்று கேட்டார் அந்த அம்மாள். அதட்டலாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

சித்தி வாயைத் திறந்தாள். சொல்ல மூச்சு இல்லை.

மில்காரர் வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் உயரத்துக்குத் தலையை வைத்துக்கொண்டு பொந்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இருக்குது" என்றார். "கண்ண மூடிக்கினு இருக்குது. அதான் பாப்பாவுக்குத் தெரியல."

"எங்கடா?" என்றார் அந்த அம்மாள்.

"பொந்துக்குள்ள இடது பக்கம். கல்லு நெறத்துலயே இருக்குது."

"எனக்குத் தெரியலியே."

"உனக்குத்தான் கண்ணுல பொறை வந்துட்டுதே. ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேன்னு சொல்ற."

"எவளுக்குடா பொறை? நெல்லுல கல்லு பொறுக்கறது நீயா நானா?"

"அப்ப பாரு."

அந்த அம்மாள் பாறையில் சாய்ந்து, கையை நெற்றிக்குமேல் வைத்துப் பார்த்தார். நைனாவும் வந்து பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு பேர் ஒரு பொந்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காற்று இல்லை. ஒரு குரங்கு பாலத்தின்மேல் வந்து உட்கார்ந்து, எங்களைப் பார்த்துவிட்டு அதுவும் பொந்தைப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பனி பள்ளத்துக்குள் இறங்கியது, ஏறியது, கலைந்தது. பொந்தின் இருட்டில் ஒரு பக்கம் கொஞ்சம் தடித்து வந்தது. தோள் வந்தது. காது வந்தது. இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று எனக்குத் தெரிந்தது.

"ஆமா, இருக்குது" என்றேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கடைசியில் சித்தியைப் பார்த்தார். சித்தியின் தோள் இப்போது தூக்கி இறங்கவில்லை.

"ஏதோ இருக்குது" என்றார். "இருந்துட்டுப் போவட்டும்."

பாலத்தைத் தாண்டினோம். அந்த அம்மாள் இம்முறை முன்னால் போகவில்லை. சித்தியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். உச்சியில் வெயில் இருந்தது. பனி எங்களுக்குக் கீழே கிடந்தது. அதற்குள்ளிருந்து ராணி கோட்டையின் தலை மட்டும் வெளியே வந்திருந்தது, ஏரித் தண்ணீரில் எருமை நிற்பதுபோல. பருந்துகள் எங்கள் காலுக்குக் கீழே சுற்றின. அவற்றின் முதுகை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மாள் மடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, தான் குடிக்காமல் சித்தியிடம் கொடுத்தார்.

"குடி. மெதுவா குடி. ஒண்ணும் அவசரம் இல்ல."

சித்தி குடித்தாள். கண் கலங்கியிருந்தது. வெயில் பட்டதால் என்று நினைத்தேன்.

"அந்த ஆஸ்பத்திரி எங்கடா இருக்குது? எனக்குக் கண்ணும் காட்டணும்" என்று மகனிடம் கேட்டார். கண்ணும் என்றால் வேறு எது என்று நான் கேட்கவில்லை.

இறங்கும்போது அந்த அம்மாளும் நைனாவும் முன்னால் போனார்கள். மாசியா பங்குனியா என்று பேசிக்கொண்டு போனார்கள். மாசியில் என்ன, பங்குனியில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நைனா திரும்பி, "நீ சித்தி கூடவே வா. கைய வுட்றாத" என்று எனக்கு வேலை கொடுத்துவிட்டுப் போனார்.

பாலத்தைத் தாண்டியதும் சித்தி நின்றாள். இந்தத் தடவை எதையும் காட்டவில்லை.

"எனக்கு வீசிங் இருக்குது" என்றாள். முதல் தடவையாக அவரிடம் பேசினாள். "சின்ன வயசுலருந்து. மருந்து கீழ அக்கா முந்தானையில இருக்குது."

"மூணாவது குரங்குலயே தெரிஞ்சிபோச்சி" என்றார் மில்காரர். "மில்லுல தூசி. பாதி ஆளுக்கு இப்படித்தான். சத்தம் பழக்கம்."

மூன்றாவது குரங்கு எது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது இரண்டுதான்.

"அந்த முட்டை, வெல்லம்?" என்று கேட்டாள் சித்தி.

"எங்க பாட்டன் ஊட்டு செவுரு அப்படிக் கட்டினதுன்னு சொல்லுவாங்க. கோட்டை எப்படின்னு யாருக்குத் தெரியும்."

சித்தி சிரித்தாள். சிரித்தாலும் இருமல் வரவில்லை.

பனி முழுக்கப் போய்விட்டிருந்தது. கீழே ஊர் இருந்தது. பஸ் போனது. குட்டியானை சின்னப் புள்ளியாக நின்றது. அதன் பக்கத்தில் அம்மா எழுந்து நின்று, நெற்றியில் கை வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். புளிச்சோற்றின் வாசனை மலைவரை வருவதுபோல் எனக்கு இருந்தது. இறங்குவது சுலபம். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. நேராகப் போயிருந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருப்போம்.

சித்தியும் மில்காரரும் போகவில்லை. ஓர் ஓணானுக்கு நின்றார்கள். ஒரு வாசற்படிக்கு நின்றார்கள். மேலே போகும்போது பார்த்த குழிக்கே மறுபடியும் நின்றார்கள். ஒன்றுமே இல்லாத இடத்திலும் நின்றார்கள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பசியில் அழுகை வந்தது. அழாமல் இருக்க, நின்ற இடங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். பத்து விரலும் போதவில்லை.

பதினொன்று.